சாம்பியனுக்கு வெறிதான் வேணுமா?

ஓமலூர்க்காரர் கேள்வி: 11 ஜனவரி 2025

பாராலிம்பிக் ஹைஜம்ப் மாரியப்பன் தங்கவேலு, கிரிக்கெட் நடராஜன் ரெண்டு பேரும் நம்ம சேலம் ஜில்லாக்காரங்க. டிவியில பார்த்தா ரெண்டு பேருமே கூச்சப்படுற ஆளாத்தான் தெரியுறாங்க. ஆனா சாம்பியன்னா எதிராளியைக் காலி பண்ணணும்ங்கற வெறி உள்ளே எரியணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. என் பையன் ஓடுறான், தாண்டுறான், தோத்தா சிரிச்சுக்கிட்டே வந்து டிபன் கேக்குறான். வெறி பிறவியிலேயே வரணும், சொல்லிக்கொடுத்து வராது. இது என் கட்சி. மறுக்கறவங்க மறுக்கலாம்.

11 ஜனவரி, இரவு

மறுக்கிறேங்க. காலேஜ் முடியற வரைக்கும் நான் ஹைஜம்ப் தாண்டினவ. இப்போ பேங்க் வேலை. காலையில காந்தி ஸ்டேடியத்துல சில பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றேன். எனக்குத் தெரிஞ்ச விளையாட்டை வச்சே பேசறேன்.

ஹைஜம்ப்ல உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவுல ஒரு பார் இருக்கு. நீங்க தாண்டும்போது எதிராளி ஓரமா உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிட்டு இருப்பார். அவரை நீங்க தொட முடியாது, தடுக்க முடியாது, முந்திப்போகவும் முடியாது. தொடர்ந்து மூணு தடவை பாரைத் தட்டினா நீங்க வெளியே. அதனால இந்தப் போட்டியில கிட்டத்தட்ட எல்லாருமே தோல்வியிலதான் முடிக்கறாங்க. ஜெயிச்சவர்கூட தங்கம் உறுதியானதும் இன்னும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏத்தச் சொல்லி, அதைத் தட்டிட்டுத்தான் பெரும்பாலும் மெத்தையை விட்டு எழுந்து வருவார். கடைசித் தாண்டல் ஃபெயில் ஆகும்னு தெரிஞ்சே வருஷக்கணக்கா உழைக்கிற ஆளுக்கு, எதிராளியை அழிக்கிற வெறி எதுக்கு உதவும்? அவருக்கு வேண்டியது வேற. ஒரு தட்டலுக்கும் அடுத்த தாண்டலுக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சில நிமிஷத்தை என்ன செய்யறதுன்னு தெரியணும்.

சாம்பியனோட போட்டி மனசு அந்தச் சில நிமிஷத்துலதான் இருக்குன்னு நான் நம்பறேன். அதைச் சொல்லிக் கொடுக்க முடியும், கத்துக்கவும் முடியும்.

12 ஜனவரி

"ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேட்ட தம்பிக்கு.

2016 ரியோ பாராலிம்பிக். மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்த ரெண்டு இடத்துல அமெரிக்காவோட சாம் க்ரூவும் நம்ம வருண் சிங் பாட்டியும். ரெண்டு பேரும் தாண்டினது ஒரே உயரம், 1.86. ஆனா வெள்ளி க்ரூவுக்கு, வெண்கலம் வருணுக்கு. காரணம் கவுண்ட் பேக். கடைசியா தாண்டின உயரத்துல யார் கம்மியா தட்டினாங்கன்னு முதல்ல பார்ப்பாங்க. அதுவும் சமம்னா, அதுவரைக்கும் மொத்தமா யார் கம்மியா தட்டினாங்கன்னு பார்ப்பாங்க. அதாவது முன்னாடி எப்பவோ, "பரவாயில்லை, இன்னும் சான்ஸ் இருக்கு"ன்னு அசட்டையா தட்டினது கடைசியில வந்து பதக்கத்தோட நிறத்தை மாத்திடும். வெறியோட வர்ற பிள்ளைங்க பெரிய உயரத்துக்காகக் காத்திருந்து சின்ன உயரத்தை அலட்சியமா தாண்டுவாங்க. நான் பார்த்த வரைக்கும் அவங்கதான் கவுண்ட் பேக்ல மாட்டறாங்க.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

இங்கே ஒருத்தர் "மாரியப்பன் செயற்கைக் காலோட தாண்டறார், அது ஸ்ப்ரிங் மாதிரி தூக்கிவிடும்"னு எழுதியிருக்கார். தப்புங்க. அவர் செயற்கைக் கால் போடறதில்லை. அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போச்சு. அதே காலோடதான் ஓடி வந்து தாண்டறார். அவர் பிரிவு டி42, கால் பாதிப்பு உள்ளவங்களுக்கான ஒரு பிரிவு. டோக்கியோவிலும் பாரிஸிலும் டி63-ங்கற போட்டியில செயற்கைக் கால் போட்டவங்களோட சேர்ந்து தாண்டினார். க்ரூவும் பாரிஸ்ல ஜெயிச்ச எஸ்ரா ஃப்ரெச்சும் செயற்கைக் காலோட தாண்டறவங்க. அது அவங்களோட உழைப்பைக் குறைக்காது. ஆனா யார் எப்படித் தாண்டறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம்.

13 ஜனவரி

"வறுமைதான் அவரைச் சாம்பியன் ஆக்குச்சு." இந்த வரியை நேத்து மட்டும் நாலஞ்சு பேர் எழுதிட்டீங்க. எனக்குக் கோபம் வருது, மறைக்கலை.

பெரியவடகம்பட்டியில மாரியப்பனோட அம்மா செங்கல் சுமந்தாங்க, அப்புறம் காய்கறி வித்தாங்க. அது உண்மை. ஆனா நம்ம ஜில்லாவுல செங்கல் சூளை வேலைக்கும் தறிக்கும் போன குடும்பங்களோட பிள்ளைங்க எத்தனை ஆயிரம்? வறுமைக்கு அந்தச் சக்தி இருந்தா ஓமலூர்ல இருந்து எடப்பாடி வரைக்கும் தெருவுக்கு ஒரு சாம்பியன் நிக்கணும். வறுமை பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பறதில்லை. பத்தாவதோட நிறுத்தி வேலைக்கு அனுப்புது. என்கிட்ட வந்த நல்ல தாண்டுக்காரி ஒருத்தி இப்போ கொலுசுப் பட்டறையில உட்கார்ந்து சலங்கை கோர்க்கிறா. அவகிட்ட இருந்த போட்டி மனசு எங்கேயும் போகலை. அதை வளர்க்க ஆள் இல்லாமப் போச்சு.

மாரியப்பனுக்கு ஆள் இருந்தாங்க. வாலிபால் ஆடிட்டிருந்த பையனைப் பார்த்து, நீ ஹைஜம்ப் தாண்டுன்னு சொன்ன பள்ளிக்கூட பி.டி. சார். அப்புறம் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போன கோச் சத்யநாராயணா. பள்ளி நாள்லயே நல்ல கால் உள்ள பிள்ளைங்களோட போட்டி போட்டு ரெண்டாவதா வந்தவர் அவர். அந்தப் போட்டிக்கு இவனை அனுப்பலாம்னு ஒரு பெரியவர் முடிவு செஞ்சாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்க்கறேன். நாம எத்தனை பேர் அனுப்புவோம்?

16 ஜனவரி

பொங்கல் முடிஞ்சு இன்னைக்குத்தான் உட்கார நேரம் கிடைச்சது. ஓமலூர் அண்ணன் நல்ல கேள்வி கேட்டிருக்கார்: "அப்போ எதிராளி தட்டும்போது உங்களுக்கு உள்ளே சந்தோஷமே வராதா?"

வரும். நான் தாண்டின காலத்துல எதிராளியோட முதுகு பாரைத் தொட்டு, அது ஆடி விழற சத்தம் கேட்டா நெஞ்சுக்குள்ள குபீர்னு ஒண்ணு கிளம்பும். அது கெட்ட குணமும் இல்லை, நல்ல குணமும் இல்லை. போட்டியில நிக்கிற எல்லாருக்கும் வர்ற உணர்ச்சி. பிரச்சினை அந்தச் சந்தோஷம் வந்த பிறகு ஆரம்பிக்குது. அவ தட்டிட்டா, நாம ஜெயிச்சிடலாம்னு கணக்குப் போட ஆரம்பிச்ச உடனே என் ஓட்டத்துல கடைசி மூணு அடி கெட்டுப்போகும். ஹைஜம்ப்ல வளைஞ்சு வர்றதுக்கு முக்கியம் அந்த மூணு அடிதான். உடம்பு உள்பக்கம் சாயணும், அவசரப்பட்டா நிமிர்ந்திடும். நிமிர்ந்தா பாருக்கு மேலே போகாம பாருக்குள்ளேயே போய் விழுவோம். எதிராளியைப் பத்தின நினைப்பு நேரா காலுக்கு இறங்குது. இது தத்துவம் இல்லீங்க, வீடியோ எடுத்துப் பார்த்தா தெரியும்.

இதுல ரெண்டு ஒலிம்பிக் கதையைச் சேர்த்துப் பார்க்கணும். 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ. கத்தாரோட பர்ஷிமும் இத்தாலியோட தாம்பெரியும் 2.37ல சமம், தட்டினதும் சமம். ஜம்ப் ஆஃப், அதாவது ஒருத்தர் ஜெயிக்கிற வரைக்கும் மறுபடி தாண்டறீங்களான்னு அதிகாரி கேட்டப்போ ரெண்டு தங்கம் கிடைக்குமான்னு பர்ஷிம் கேட்டார். கிடைச்சது, கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க, உலகமே அழுதது. 2024 பாரிஸ்ல அதே நிலைமை, 2.36. நியூசிலாந்தோட ஹாமிஷ் கெரும் அமெரிக்காவோட ஷெல்பி மெக்கீவனும் பங்கு வேண்டாம், தாண்டிப் பார்த்துடலாம்னு முடிவு எடுத்தாங்க. கெர் 2.34ல ஜெயிச்சார். மெக்கீவனை முட்டாள்னு பலர் திட்டினாங்க, கைக்கு வந்த தங்கத்தை விட்டவர்னு.

என் பொண்ணுங்ககிட்ட ரெண்டு வீடியோவும் போட்டுக் காட்டி, நீங்கன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். பாதிப் பேர் பங்கு போட்டுக்குவேன்னாங்க. ஒருத்தி மட்டும், "அக்கா, அவங்க நாலு பேருமே போட்டி மனசு உள்ளவங்கதானே? பர்ஷிம் பங்கு கேட்டதால குறைஞ்சிட்டாரா?"ன்னு கேட்டா. பத்தாவது படிக்கிற பொண்ணு. ஓமலூர் அண்ணா, உங்க கட்சிக்கு அவ கேட்ட இந்தக் கேள்வியைத்தான் பதிலா வைக்கிறேன். பங்கு போட்டவரும் கடைசி வரைக்கும் தாண்டிப் பார்க்கறேன்னவரும் ஒரே அளவு தீவிரமானவங்க. குணம் வேற, தீவிரம் வேற.

17 ஜனவரி

நான் எந்தப் பக்கம்னு கேட்கறீங்க. நான் தாண்டியிருப்பேன். மெக்கீவன் பக்கம்.

19 ஜனவரி

இன்னைக்குத் தேதியைப் பார்த்ததும் பிரிஸ்பேன் ஞாபகம் வந்தது. 2021ல இதே நாள் காபா மைதானத்துல ஆஸ்திரேலியாவை இந்தியா ஜெயிச்சுத் தொடரை 2-1னு எடுத்தது. அந்த டெஸ்ட்லதான் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதன்முதலா வெள்ளை டிரஸ் போட்டார். ஊர் திரும்பினதும் தேர்ல உட்கார வச்சு இழுத்துட்டுப் போனாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன்.

நடராஜனைப் பத்திப் பேசும்போது எல்லாரும் பேட்ஸ்மேன் காலடியில விழற யார்க்கரைச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நடந்ததைப் பார்க்கணும். 2015ல ரஞ்சியில அறிமுகம். உடனே பந்துவீச்சு முறையில சந்தேகம்னு புகார். இருபத்து சொச்சம் வயசுல, சின்ன வயசுல இருந்து பழகின கையை மாத்தணும். மாத்தினார். தமிழ்நாடு பிரீமியர் லீக்ல பேர் வாங்கினார். 2017 ஐ.பி.எல்ல பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, அந்த சீசன் சரியா அமையலை. 2018ல ஹைதராபாத் எடுத்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒரு மேட்ச்கூட ஆட வைக்கலை. பெஞ்ச். 2020ல இறக்கினாங்க, 16 விக்கெட். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, பயிற்சியில மட்டும் பந்து போடற நெட் பௌலரா போனவர், டிசம்பர் 2 கான்பெராவுல ஒருநாள், டிசம்பர் 4 அதே ஊர்ல டி20, ஜனவரி 15 பிரிஸ்பேன்ல டெஸ்ட்னு மூணு வடிவத்துலயும் ஒரே பயணத்துல அறிமுகமானார். இந்தியாவுல வேற யாரும் அதுக்கு முன்னாடி அப்படிச் செஞ்சதில்லை.

அந்த ரெண்டு வருஷ பெஞ்சுதான் என்னை யோசிக்க வைக்குது. நெட்ல போடற பந்துக்கு ஸ்கோர்கார்டு கிடையாது, கைதட்டலும் கிடையாது. எதிராளியைக் காலி பண்ற வெறி மட்டும் இருக்கிறவனுக்கு அங்கே தீனியே இல்லை, ஏன்னா அங்கே எதிராளியே இல்லை. பேட்ஸ்மேன் உங்க அணிக்காரர். அங்கேயும் தினமும் அதே பந்தை அதே இடத்துல குத்தறவனோட மனசு எதோட போட்டி போடுது? நான் சொல்ற அந்தச் சில நிமிஷம் இவருக்கு ரெண்டு வருஷமா நீண்டுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்ல மைதானம் கட்டித் தந்திருக்கார், 2023 ஜூன்ல தினேஷ் கார்த்திக் வந்து திறந்தார். வெறி பிடிச்ச ஆள் செய்யற வேலையா தெரியுதா?

23 ஜனவரி

பேச்சு எங்கேயோ போயிடுச்சு. அடிவாரத்துல இருந்து ஒரு தம்பி: "ஏற்காடு மலைப்பாதையில தினமும் ஓடினா சாம்பியன் மனசு வருமா? இருபது கொண்டை ஊசி வளைவும் ஓடியே ஏறலாம்னு இருக்கேன்."

ஓடுங்க, நல்லது. நீங்க அஞ்சாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர் ஆளா இருந்தா ரொம்பவே நல்லது. அதிகாலையில போங்க, விடிஞ்சா டூரிஸ்ட் வண்டி நெரிசல். ஆனா ஹைஜம்ப்காரங்க நீளமா மலை ஏறி ஓடினா கால்ல இருக்கிற, சட்டுனு துள்ளிக் கிளம்பற சக்தி மழுங்கும். அவங்களுக்குச் சின்ன ஏத்தத்துல முப்பது மீட்டர் பறந்து போறது போதும், நடுவுல நல்ல ஓய்வோட.

ஏற்காட்டை உயரமலைப் பயிற்சி முகாமா ஆக்கலாமேன்னு இன்னொருத்தர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ரத்தத்துல மாற்றம் வரணும்னு போடற முகாம்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலேதான். ஊட்டி 2,240, அங்கே அர்த்தம் இருக்கு. ஏற்காட்டுல குளிர்ச்சியும் ஏத்தமும் கிடைக்கும். அதுவே லாபம்.

"கஷ்டப்பட்டு ஓடினா மனசு இறுகும்"ங்கறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். கஷ்டம் தாங்கப் பழகறதும் போட்டியில முடிவெடுக்கப் பழகறதும் தனித்தனி. இருபதாவது வளைவுல மூச்சிரைச்சு நிக்கிறவனுக்கு, ரெண்டு தடவை தட்டின பிறகு இந்த உயரத்தையே தாண்டறதா இல்லை பாஸ் சொல்லிட்டு மிச்சம் இருக்கிற ஒரு சான்ஸை அடுத்த உயரத்துக்கு வச்சுக்கறதான்னு அந்த மலை சொல்லித் தராது.

26 ஜனவரி

டோக்கியோ பாராலிம்பிக். தவிர்க்க முடியாது, மூணு பேர் கேட்டாச்சு.

2021 ஆகஸ்ட் 31, மழை. மாரியப்பன் 1.86, க்ரூ 1.86. பாரை 1.88க்கு ஏத்தினாங்க. க்ரூ மூணாவது சான்ஸ்ல தாண்டிட்டார், மாரியப்பனால முடியலை. வெள்ளி. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் மழையில நனைஞ்சிடுச்சு, அதனால சிரமமா போச்சுன்னு பின்னாடி சொன்னார். உடனே நம்ம ஆளுங்க, "சாம்பியன் காரணம் சொல்லக்கூடாது. ஃபெல்ப்ஸைப் பாருங்க"ன்னாங்க.

பார்ப்போம். 2008 பெய்ஜிங், 200 மீட்டர் பட்டர்ஃப்ளை. மைக்கேல் ஃபெல்ப்ஸோட கண்ணாடிக்குள்ள தண்ணி புகுந்து, கடைசியில சுவரே தெரியலை. கை வீச்சை எண்ணி எண்ணியே நீந்தி 1:52.03ல உலக சாதனை. பெரிய காரியம்தான். ஆனா ஃபெல்ப்ஸும் கண்ணாடிக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு சொன்னார். ஜெயிச்சவர் சொன்னா கதை, தோத்தவர் சொன்னா சாக்குன்னு எப்படிங்க பிரிக்கறீங்க? என்ன நடந்ததுன்னு துல்லியமா சொல்லத் தெரிஞ்சவனாலதான் அடுத்த தடவை அதைச் சரி பண்ண முடியும். என் பொண்ணுங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது "ஏன் தட்டின?"ங்கறதுதான். "தெரியலைக்கா"ன்னா விட மாட்டேன். கால் வச்ச இடமா, சாய்வா, கை தாமதமா தூக்கினதா? "மனசு சரியில்லை"ங்கற பதிலை நான் வாங்கறதே இல்லை.

அந்தப் பயணமே அவருக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னும் யோசிங்க. தொடக்க விழாவுல கொடி தூக்க வேண்டியவர். விமானத்துல வந்த ஒருத்தருக்குக் கொரோனா, கூட இருந்ததால தனிமைப்படுத்திட்டாங்க, கொடியை டேக் சந்த் தூக்கினார். அப்படி ஒரு ஆரம்பத்துக்குப் பிறகும் மழையில 1.86.

அப்புறம் 2023 ஹாங்சோ ஆசியப் பாரா போட்டியில சைலேஷ் குமார்கிட்ட தோத்து வெள்ளி. 2024 மே, கோபே உலக சாம்பியன்ஷிப்ல 1.88 தாண்டித் தங்கம். செப்டம்பர்ல பாரிஸ்: ஃப்ரெச் 1.94, சரத் குமார் 1.88, மாரியப்பன் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம்னு "இறங்குமுகம்"னு எழுதினவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அடுத்தடுத்து மூணு பாராலிம்பிக்ல பதக்கம் எடுத்த முதல் இந்தியர் அவர். எட்டு வருஷத்துல வித்தியாசம் நாலு சென்டிமீட்டர். அந்த எட்டு வருஷம் அந்தக் காலோட அதே உயரத்தைச் சுத்தியே நிக்கறதுக்கு எவ்வளவு பிடிவாதம் வேணும்!

1 பிப்ரவரி

யோசிச்சுப் பார்த்ததுல ஓமலூர் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. "தீவிரம்"னு நான் சொல்றதுக்குள்ள சூடும் இருக்கத்தான் செய்யுது. விஸ்வநாதன் ஆனந்தைச் சாதுன்னு ஊரே சொல்லும். ஆனா ஐந்து உலகப் பட்டத்தைச் சாதுத்தனம் மட்டும் வாங்கித் தந்திருக்காது. போன மாசத்துக்கு முந்தின மாசம் சிங்கப்பூர்ல உலக செஸ் பட்டப் போட்டியில குகேஷ். பதினாலாவது ஆட்டம், டிரா ஆகப்போகுதுன்னு எல்லாரும் நினைச்ச நேரம், டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்துல வச்சார். பதினெட்டு வயசுப் பையன் ஒரு வாய் தண்ணி குடிச்சு, தன்னை அடக்கிட்டு, அப்புறம்தான் நகர்த்தினார். ஜெயிச்சதும் அடக்கினதெல்லாம் கண்ணீரா வந்தது. அழுதுக்கிட்டே காய்களைப் பழையபடி அடுக்கி வச்சார்.

அப்போ சூடு இருந்ததா இல்லையா? பொங்கிட்டு இருந்தது. வேண்டாத நேரத்துல அதை வெளியே விடலை, வேண்டிய நேரத்துல தடுக்கவும் இல்லை. எனக்குக் கத்துக்கொடுக்கத் தெரிஞ்சது அந்த மூடித் திறக்கறதைத்தான். உள்ளே சூடே இல்லாத பிள்ளைக்கு அதை உண்டாக்க எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு உங்க "பிறவி" வாதத்தை ஒத்துக்கறேன்.

ஆனா சூடு இருக்கான்னு சிரிப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. தோத்துட்டு டிபன் கேக்குற பையன்னு எழுதினீங்களே, அவன் மறுநாள் மைதானத்துக்கு எத்தனை மணிக்குப் போறான்? அதை நீங்க இன்னும் சொல்லவே இல்லை.

4 பிப்ரவரி

ஓமலூர் அண்ணன் பதில் போட்டிருக்கார்: பையன் அஞ்சரைக்கே எழுந்து, இவர் பால் வாங்கப் போறதுக்கு முன்னாடியே கிளம்பிடறானாம். கூடவே ஏற்காட்டுல இருந்து ஒரு அப்பா, தன் பொண்ணு தோத்தா ரெண்டு நாள் அழறா, நிறுத்திடலாமான்னு கேக்கறார்.

ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். சிரிக்கறவனையும் நிறுத்தாதீங்க, அழறவளையும் நிறுத்தாதீங்க. போட்டி முடிஞ்சு வண்டியில மலை ஏறும்போது எதுவும் பேசாதீங்க. "அந்தப் பொண்ணு எப்படித் தாண்டினா பாத்தியா"ன்னு கண்டிப்பா சொல்லாதீங்க. மூணாம் நாள், அழுகை நின்ன பிறகு, எந்த உயரத்துல முதல்ல தட்டினேன்னு மட்டும் கேளுங்க. உயரத்தையும் கால் வச்ச இடத்தையும் சொன்னா ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஆணி வச்ச ஸ்பைக்ஸ் ஷூ இல்லைன்னா பரவாயில்லை, என்கிட்ட பழைய ஜோடி சில இருக்கு, கால் சைஸ் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்க. ஓமலூர் அண்ணா, பையனையும் அனுப்புங்க. பசங்களுக்குச் சொல்லித் தர்ற சாரும் அதே நேரத்துலதான் அங்கே இருப்பார், ஆறு மணிக்கு.